அயிரையா, அதன் பங்காளியா? நீலகிரி அடிவார ஓடைகளில் பிரித்தறியும் முறை

மேட்டுப்பாளையம் பவானியிலும் கல்லாற்றிலும் விரல் நீளத்தில், மீசையோடு, தரையை ஒட்டிக் கிடக்கும் மீன் எதுவானாலும் பேச்சில் அயிரைதான். ஆனால் அதற்குள் மூன்று குடும்பத்து மீன்கள் இருக்கின்றன.

நிறத்தைப் பார்க்கும் முன் கண்ணுக்குக் கீழே பாருங்கள். அசல் அயிரைக்கு, அதாவது அறிவியல் பெயரில் லெப்பிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸுக்கு, அங்கே இரண்டாகப் பிளந்த முள் ஒன்று பள்ளத்துக்குள் மடங்கியிருக்கும். மிரண்டால் அது நிமிரும். நிமிராவிட்டால், கையை நனைத்து மீனைப் பிடித்து, மழுங்கிய ஊசிமுனையைக் கண்ணுக்கடியில் பின்னிருந்து முன்னாக மெல்ல நகர்த்துங்கள், முள் தட்டுப்படும். 10 மடங்கு லென்ஸ் போதும். இந்த முள் வலையில் சிக்கினால் இழுக்காதீர்கள், கன்னம் கிழியும். நூலை வெட்டிவிடுங்கள்.

மீசையை எண்ணி முடிவு செய்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. முள்ளில்லாத பங்காளிகளுக்கு மூன்று இணை மீசை. அயிரைக்கும் மூன்று இணைதான். கீழுதட்டு மடலும் மீசைபோல நீண்டிருப்பதால் எட்டு என்று கணக்காகிவிடும்.

அயிரையின் ஆணுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: மார்புத் துடுப்பின் 7, 8ஆம் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) ஒட்டித் தடித்திருக்கும். பெண்ணிடம் இதைத் தேட வேண்டாம். (தெர்மாலிஸ் என்ற பெயர் 1846இல் திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றை வைத்து வந்தது.)

முள் இல்லையென்றால் மீனைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். வயிறு தட்டையாக, மார்புத் துடுப்பு இருபுறமும் விசிறியாக விரிந்து கல்லை அணைத்தால், செவுள் திறப்பும் துடுப்பின் அடிக்கு மேல் சின்னதாக இருந்தால், அது பவானியா ஆஸ்ட்ராலிஸ்.

உடல் உருண்டிருந்தால்தான் நிறம் உதவும். கரும்பழுப்பில் மூன்று வரிசை மஞ்சள் புள்ளிகள் என்றால் மீசோநீமாக்கைலஸ் குந்தெரி; மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே 1867இல் நீலகிரி ஆறுகளிலிருந்து விவரித்த மீன் இது. பட்டைகள் சாய்ந்து ஓடினால் அதன் உறவான டிரையாங்குலாரிஸ். நேர்ப்பட்டைகளும் வால் அடியில் கறுப்புக் கோடும் இருந்தால் ஷிஸ்டூரா; இது பல இனங்கள் அடங்கிய பேரினம். இதில் பட்டையின் எண்ணிக்கை மீனுக்கு மீன் மாறும். படத்தை மட்டும் வைத்து இனம் சொல்லாமல் ஷிஸ்டூரா என்று நிறுத்துவதே நேர்மை.

வெள்ளை வாளியில் மீன் சீக்கிரம் வெளுத்துவிடும். ஓடைத் தண்ணீரும் கருநிற அடியும் கொண்ட பெட்டியில் உடனே படமெடுங்கள். பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்டால் மஞ்சள் மறைந்து குந்தெரியின் புள்ளிகள் வெறும் வெளிறலாகிவிடும். மாதிரி எடுக்க அனுமதி இருந்தால், டிஎன்ஏவுக்கான துடுப்புத் துணுக்கை முதலில் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். பிறகே மீனை, 1 பங்கு கடை ஃபார்மலினும் 9 பங்கு தண்ணீரும் கலந்ததில் போடுங்கள்.

மெதுவான நீர், மணல் என்றால் அயிரையை எதிர்பார்க்கலாம். பாய்ச்சலும் கல்லும் இருந்தால் மற்றவை. வெள்ளம் வடிந்த வாரத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

காப்புக்காட்டிலும் முதுமலையிலும் வனத்துறை அனுமதியின்றி வலை வீசக் கூடாது. பார்த்த மீனைப் பிடித்த அதே கல்லடியில் விடுங்கள்.