துணிகர முதலீட்டாளரின் துணையைப் படிப்படியாகப் பெறுவது எப்படி? சேலத்துப் புதிய நிறுவனர்களுக்கான செய்முறை விளக்கம்

சேலத்தில் தொழில் செய்பவர்களுக்கு வட்டி, அடமானம், தவணை ஆகியவை பழகியவை. துணிகர முதலீட்டாளர் தரும் பணம் இவற்றில் எதிலும் சேராது. அவர் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. அதற்கு ஈடாக நிறுவனத்தில் பங்கு பெறுகிறார், அந்தப் பங்கின் மதிப்பு உயர வேண்டும் என்பதற்காகப் பல வகையில் உழைக்கவும் செய்கிறார். அந்த உழைப்பை எந்தக் கட்டத்தில் எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதே இங்கு பேசப்படுகிறது.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஆத்தூர், தலைவாசல் பக்கத்து மரவள்ளிக்கிழங்குக்கு, அதிலுள்ள மாவுச்சத்தின் அளவான ‘பாயிண்ட்’ பார்த்துத்தான் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் விலை போடுகின்றன. பாயிண்ட் ஆலையில் அளக்கப்படுவதால், அளவு குறைத்துக் காட்டப்படுகிறது என்ற மனக்குறை விவசாயிகளிடம் உண்டு. வயலிலேயே பாயிண்ட் பார்க்கும் கையடக்கக் கருவியையும் அதற்கான செல்போன் செயலியையும் இரண்டு இளம் பொறியாளர்கள் உருவாக்குகிறார்கள் என்று கொள்வோம்.

படி 1: இந்தப் பணம் உங்களுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

முதலீட்டாளர் தருவது பெரும்பாலும் அவருடைய சொந்தப் பணம் அன்று; பலரிடம் திரட்டிய நிதி. இந்தியாவில் இத்தகைய நிதிகள், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிகளின் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. அவற்றில் பணம் போடுபவர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். நிதியின் ஆயுள் ஏறத்தாழ 10 ஆண்டுகள். நிர்வாகக் கட்டணமாக ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதமும் இலாபத்தில் 20 சதவீதமும் நிதியை நடத்துபவருக்குச் சேர்வது வழக்கம். அவர் பணம் போட்ட நிறுவனங்களில் பல நட்டத்தில் முடியும் என்பதால், வென்ற ஒன்றிரண்டு நிறுவனங்களே மொத்த நிதியையும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே சில ஆண்டுகளில் பல மடங்கு வளரக்கூடிய தொழிலைத்தான் அவர் தேடுவார். ஏற்காட்டுத் தோட்டத்துக் காப்பிக்கொட்டையை வறுத்து விற்கும் நல்ல, நிதானமான தொழிலுக்கு வங்கிக் கடனே பொருத்தம். மென்பொருளுக்கும் வெளி முதலீடு கட்டாயம் இல்லை. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ அது இல்லாமலேயே வளர்ந்தது. மறுபுறம், 2010-இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் அடுத்த ஆண்டே ஆக்செல் என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்தின் முதலீட்டைப் பெற்று, 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குச் சென்றது. இரண்டுமே தமிழ்நாட்டில் நடந்த கதைகள்தாம்.

கருவி இன்னும் மேசைமேல் சோதனையில் இருந்தால் முதலீட்டாளரிடம் போக அவசரப்பட வேண்டாம். 2021-இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா ஆதார நிதித் திட்டத்தில், பதிவாகி 2 ஆண்டுகளுக்கு மேற்படாத நிறுவனங்கள் தொழில்முனைவுக் காப்பகங்களின் (இன்குபேட்டர்) வழியே 20 லட்சம் ரூபாய் வரை மானியம் கேட்க முடிந்தது; இப்போதும் விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று விசாரியுங்கள். மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்குச் சேலத்திலேயே வட்டார மையம் இருக்கிறது; தொடக்கநிலை நிறுவனங்களுக்கு நிதி தரும் டான்சீட் திட்டத்தைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

படி 2: பணத்துக்கு முன்பே கிடைக்கும் உதவியை வாங்கிக்கொள்ளுங்கள்

நல்ல முதலீட்டாளரின் முதல் உதவி அவர் கேட்கும் கேள்விகளே. நம் எடுத்துக்காட்டில் அவர், “கருவிக்குப் பணம் கொடுக்கப் போவது யார்?” என்று கேட்பார். விவசாயிக்கு அது தேவை, ஆனால் ஆண்டில் சில நாள்களுக்கு மட்டுமே. ஆலைக்காரருக்கு வாங்கும் வசதி உண்டு, ஆனால் வயலில் ஒரு அளவும் ஆலையில் ஒரு அளவும் வந்தால் சிக்கல் அவருக்குத்தான். இடையில் கிழங்கை வாங்கி அனுப்பும் வியாபாரி இரு பக்கமும் பேச வேண்டியவர். அவரே முதல் வாடிக்கையாளராக இருக்கக்கூடும். இவர்கள் மூவரையும் தனித்தனியே சந்தித்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு இரண்டாம் சந்திப்புக்குச் செல்லுங்கள். வியாபாரத்தில் பயன்படும் அளவைக் கருவி என்பதால், 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி ஒப்புதல் தேவையா என்று பார்த்துச் சொல்லும் வழக்குரைஞரை அறிமுகப்படுத்தும்படி அப்போதே கேட்கலாம்.

முதலீட்டாளர் மறுத்துவிட்டால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “பிறகு பார்க்கலாம்” என்ற பதிலை மறுப்பாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

படி 3: டெர்ம் ஷீட்டை (முதலீட்டு நிபந்தனைத் தாளை) கணக்குப் போட்டுப் படியுங்கள்

முதலீட்டுக்கு முன் நிறுவனத்தின் மதிப்பு 8.5 கோடி, வரும் பணம் 1.5 கோடி என்றால், முதலீட்டுக்குப் பின் மதிப்பு 10 கோடி. அவருடைய பங்கு 15 சதவீதம். இதோடு ஊழியர்களுக்கென 10 சதவீதப் பங்குத் தொகுப்பையும் ஒதுக்கி வைக்கச் சொன்னால், அது யாருடைய பங்கிலிருந்து போகிறது என்று பாருங்கள். முதலீட்டுக்கு முன்பே ஒதுக்க வேண்டும் என்றிருந்தால் முழுச்சுமையும் நிறுவனர்கள் தலையில்தான்: இருவருக்கும் சேர்த்து 75 சதவீதம், ஆளுக்கு 37.5 சதவீதம். காகிதத்தில் 8.5 கோடி என்றிருந்தாலும் உங்கள் கைப்பங்கின் மதிப்பு 7.5 கோடியே.

நிறுவனமே விற்கப்படும்போது யாருக்கு முதலில் பணம் என்னும் விதியையும் இப்படியே எண் போட்டுப் பார்க்க வேண்டும். போட்ட தொகையை ஒரு மடங்கு முதலில் எடுத்துக்கொள்ளலாம், அல்லது பங்குக்கு உரியதைப் பெறலாம், இரண்டும் சேர்த்துக் கிடையாது என்பதே நிறுவனருக்கு நியாயமான வடிவம். நிறுவனம் 5 கோடிக்கு விற்றால் 15 சதவீதம் 75 லட்சம்தான். எனவே அவர் 1.5 கோடியை எடுத்துக்கொள்வார். 20 கோடிக்கு விற்றால் பங்குப்படி 3 கோடி வருவதால் அதையே தேர்ந்தெடுப்பார். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் வாசகம் இருந்தால் கையெழுத்துக்கு முன் பேசித் திருத்துங்கள்.

நிறுவனர்களின் பங்கு 4 ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும் என்ற நிபந்தனையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஓராண்டில் ஒருவர் விலகிப் போனால் மற்றவரைக் காப்பது அதுவே.

பணம் வங்கிக்கு வந்தவுடன் செலவு செய்யக் கூடாது. தனி ஒதுக்கீட்டு முறையில், அதாவது குறிப்பிட்ட சிலருக்கு மட்டும், பங்கு கொடுக்கும்போது, நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 42-ஆம் பிரிவின்படி, பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்; பங்கு ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்.-3 படிவத்தைத் தாக்கல் செய்த பிறகே தொட முடியும். ஒதுக்கீட்டுக்கு 60 நாள், படிவத்துக்கு ஒதுக்கீட்டிலிருந்து 15 நாள் கெடு. முதலீட்டு வேலை பார்த்துப் பழகிய ஆடிட்டரை முதலீட்டாளரிடமே கேளுங்கள், உள்ளூரில் ஜி.எஸ்.டி. மட்டும் பார்ப்பவருக்கு இது புதிதாக இருக்கலாம். நியாய மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குப் பங்கு விற்றுப் பெற்ற பணத்துக்கு விதிக்கப்பட்ட ஏஞ்சல் டாக்ஸ் வரி பற்றிப் பழைய கட்டுரைகள் எச்சரிப்பதை இப்போது பொருட்படுத்த வேண்டியதில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் அது நீக்கப்பட்டுவிட்டது.

படி 4: மாதக் கடிதம் எழுதுங்கள்

முதலீட்டாளரின் துணை உண்மையில் தொடங்குவது இங்கேதான். கையில் இருந்த 10 லட்சத்தோடு 1.5 கோடி சேர்ந்து 1.6 கோடி ஆகிறது. மாதம் 8 லட்சம் செலவென்றால் 20 மாதம் தாங்கும். உற்சாகத்தில் ஆள்களைச் சேர்த்து 12 லட்சமாக்கினால் 13 மாதம்தான். பணம் பங்குனியில் வந்தது, அடுத்த கிழங்குப் பருவம் மார்கழியில் சூடுபிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முதலீட்டைத் திரட்ட 6 மாதமாவது ஆகும் என்பதால், 12 லட்சம் செலவிட்டால் 7-ஆம் மாதமே, அதாவது ஐப்பசியில், ஒரு பருவத்தைக்கூடக் காட்ட முடியாமல் பேசத் தொடங்க வேண்டிவரும். 8 லட்சத்தில் நின்றால் ஒரு முழுப் பருவத்தின் விற்பனையைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். பருவம் சார்ந்த தொழிலில் இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போட வைப்பதையே முதலீட்டாளர் செய்யும் பேருதவியாக நான் கருதுகிறேன்.

கடிதம் ஒரு பக்கம் போதும். ஆறாம் மாதக் கடிதத்தின் மாதிரி:

“வங்கி இருப்பு 1 கோடியே 12 லட்சம். மாதச் செலவு 8 லட்சம். இன்னும் 14 மாதம் தாங்கும். சோதனைக்குக் கருவி வாங்கிய வியாபாரிகள் 6 பேர். திருப்பிக் கொடுத்தவர்கள் 2 பேர். காரணம்: ஈரமண் ஒட்டிய கிழங்கில் அளவு மாறுகிறது. வேண்டிய உதவி: சென்சார் வடிவமைப்பில் அனுபவமுள்ள ஒருவரோடு இந்த மாதத்துக்குள் ஒரு மணி நேர உரையாடல்.”

கடைசி வரிதான் வேலை செய்யும் வரி. “எங்களுக்கு வழிகாட்டுங்கள்” என்று எழுதினால் முதலீட்டாளருக்கு என்ன செய்வதென்று தெரியாது. யாரை, எதற்காக, எப்போதைக்குள் என்று எழுதினால், அவர் தம்முடைய பிற நிறுவனங்களில் தேடி ஆளைப் பிடித்துக் கொடுப்பார். அறிமுகக் கடிதத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் அனுப்பினால் போதும். திரும்பி வந்த கருவிகளை மறைத்து எழுதுபவருக்கு இந்த உதவி கிடைக்காது, ஏனெனில் எது உடைந்திருக்கிறது என்பதே முதலீட்டாளருக்குத் தெரியாமல் போகிறது.

போர்டு (இயக்குநர் குழு) கூட்டத்துக்குக் குறிப்புகளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால் கூட்ட நேரம் முழுவதும் முடிவெடுக்கக் கிடைக்கும். விலை நிர்ணயம், முதல் விற்பனை மேலாளரின் நியமனம், நிறுவனர்களுக்குள் எழும் பிணக்கு ஆகியவற்றில் அவர் அனுபவத்தைக் கேளுங்கள். ஆனால் எந்த ஊர் வியாபாரியிடம் எப்படிப் பேசுவது என்பதில் அவர் சொல்வதைவிட நீங்கள் அறிந்ததே மேல்.

படி 5: அடுத்த முதலீட்டுச் சுற்றுக்குப் பழைய முதலீட்டாளரையே முதலில் கேளுங்கள்

பணம் தீர 8 மாதம் இருக்கும்போதே, தம் பங்கு விகிதம் குறையாமல் மீண்டும் முதலீடு செய்வாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிய முதலீட்டாளர் முதலில் தொலைபேசியில் அழைக்கப் போவது அவரைத்தான். அங்கே தயக்கம் தெரிந்தால் பேச்சு அப்போதே நின்றுவிடும். அவருடைய நிதியில் மறுமுதலீட்டுக்குப் பணம் ஒதுக்கப்படாமல் இருந்தால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் விலகி நிற்பதற்குக் காரணம் உங்கள் நிறுவனத்தின் குறை அன்று, நிதியின் நிலைமைதான் என்று புதியவரிடம் காட்டுவதற்கு அந்தக் கடிதம் தேவைப்படும்.