“அப்பாவைக் கூட்டிட்டு வா!”: புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டியவை

ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேரும் ஆசிரியர்களைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை இவர்களும் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். பிள்ளைகளை அடிக்காதீர்கள், சாதி சொல்லித் திட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. ‘நான் கையே ஓங்கலையே’ என்று தப்பிக்க முடியாது. அது போதும்.

பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதச் சொல்வது

லீடரின் கூட்டாளி பெயர் போர்டில் ஏறவே ஏறாது. நேற்று லீடரின் பேனாவைப் பிடுங்கியவன் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு பெருக்கல் குறி இருக்கும். அந்தப் பட்டியலை நம்பி நீங்கள் இம்போசிஷன் கொடுப்பீர்கள்.

அப்பாவைக் கூட்டிட்டு வந்தால்தான் உள்ளே

இதைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மற்றத் தவறுகளால் ஒரு பீரியட் வீணாகும், இதனால் ஒரு பிள்ளையின் படிப்பே போகும்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கணக்குப் பாடத்தில் விசிலடித்தான். புதிதாக வந்த ஆசிரியர் கோபத்தில் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார், மறந்தும் விட்டார். பையன் மறக்கவில்லை. அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர், ஒரு நாள் லீவு என்றால் அன்றைய கூலி கிடையாது. விஷயம் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அதனால் வீட்டில் வாயே திறக்கவில்லை. தினமும் யூனிஃபார்மும் பையுமாகக் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பினான். வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. ‘ஏன் வரவில்லை’ என்று யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை. வேறு ஏதோ கையெழுத்து வாங்க வந்த அம்மா, “எப்படி சார் படிக்கிறான்?” என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அப்புறம் வந்தான். ஆனால் விட்ட பாடம் விட்டதுதான், ஒன்பதாம் வகுப்பில் அவன் சேரவே இல்லை.

வேறு விதமாகவும் நடக்கும். அப்பா வருவார், உங்கள் கண்ணெதிரே, வராண்டாவில் வைத்துப் பையனை அறைவார். சட்டப்படி நீங்கள் செய்யக்கூடாததை அவரை விட்டுச் செய்ய வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்னும் சில பையன்கள் டீக்கடையில் நிற்கும் யாரையாவது ‘சித்தப்பா’ என்று அழைத்து வருவார்கள். ஆள் யாரென்று பார்க்காமலே நாமும் அவருக்கு அரைமணி நேரம் அறிவுரை சொல்லியிருப்போம்.

பெற்றோரிடம் பேசத்தான் வேண்டும். ஆனால் நீங்களே போன் செய்யுங்கள். வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். முதல் அழைப்பே புகாராக இருக்க வேண்டாம். ‘பையன் கபடி நல்லா ஆடுறான்’ என்று ஒரு முறை சொல்லிவைத்திருந்தால், அடுத்த முறை விசில் விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள். முக்கியமாக, அதுவரை பையன் வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும்.

டி.சி. மிரட்டல்

எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. அதே சட்டம், 16ஆம் பிரிவு. அது பையனுக்கும் தெரியும்.

ஒருவன் செய்ததற்கு வகுப்புக்கே தண்டனை

வேண்டாம்.

எல்லார் முன்னாலும் ‘ஏன்டா அப்படிச் செஞ்ச?’

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பையனும் உண்மையான காரணத்தைச் சொல்ல மாட்டான். எதிர்த்துப் பேசுவான், இல்லை சிரிப்பான். பக்கத்தில் போய், “பெல் அடிச்சதும் பேசலாம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். சொன்னபடி பேசவும் வேண்டும், மறந்தால் அடுத்த முறை அது எடுபடாது.

அப்போது முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. போர்டு தெரிகிறதா? கடைசி பெஞ்சில் சேட்டை செய்கிறவர்களில் கண்ணாடி தேவைப்படுகிறவர்களும் உண்டு. காலையில் என்ன சாப்பிட்டாய்? அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்த பையன் மூன்றாவது பீரியடில் பெஞ்சைத் தட்டினால், திட்டுவதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.