பழைய காசுக்குத் தரம் பார்ப்பது: விக்டோரியாச் சதத்தில் பழகுங்கள்

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் ஆண்டைத்தான் பார்க்கிறார்கள். 1870 என்று கண்டால் போதும், நூற்றைம்பது வருசத்துக் காசு, லட்சம் போகும் என்று வீடு முழுக்கப் பேச்சுக் கிளம்பிவிடும். போகாது. அந்த ஆண்டில் விக்டோரியா அரசியின் தலையோடு வந்த இலங்கைச் சதம் தேய்ந்த நிலையில் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது, பெட்டகத்துக்குள் கிடந்த பேணியைக் கவிழ்த்தால் நாலைந்து விழும். அதே 1870, அதே சதம், ஆனால் தலைமயிர் இழை இழையாகத் தெரிய, அடித்த அன்றைய மினுக்கம் கொஞ்சமாவது மிச்சமிருக்க ஒன்று வந்தால் அதன் விலை வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பதைத்தான் தரம் பார்ப்பது என்கிறோம்.

உலகில் அதிகம் புழங்கும் பெயர்கள் ஆங்கிலம்தான், அதை அப்படியே பழகிக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலே குட், வெரி குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அபவுட் அன்சர்குலேட்டட், கடைசியாகப் புழக்கத்துக்கே போகாத அன்சர்குலேட்டட். இதற்கு இலக்கமும் உண்டு. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் அந்த நாட்டுப் பழைய பெரிய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார், பிறகு எல்லாக் காசுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஃபைன் 12இல் தொடங்கும், வெரி ஃபைன் 20இல், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 40இல், அபவுட் அன்சர்குலேட்டட் 50இல், 60இலிருந்து மேலே எல்லாம் அன்சர்குலேட்டட். புரூஃப் என்று ஒரு சொல் அடிபடும், அது தரம் இல்லை, பளபளப்பாக்கிய அச்சில் விசேடமாக அடிக்கும் முறை. தொடக்கத்தில் இலக்கத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஃபைனா வெரி ஃபைனா என்று சொல்லத் தெரிந்தால் அதுவே பெரிய விசயம்.

சரி, என்ன வேண்டும்? ஐந்து அல்லது பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று (நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுவே போதும்), ஒரு மேசை லாம்பு, கீழே விரிக்க ஒரு துவாய். கூரையில் ரியூப் லைட் எரிந்தால் அணைத்துவிடுங்கள். எல்லாப் பக்கத்தாலும் வெளிச்சம் விழுந்தால் கீறலும் தெரியாது, தேய்மானமும் தெரியாது. ஒரே ஒரு விளக்கு பக்கவாட்டில் இருக்க, காசை விளிம்பில் மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். முகப்பில் விரல் படக் கூடாது. நம்ம ஊர் வெக்கையில் வேர்த்த கையின் ரேகை செம்பில் பதிந்தால் சில மாதத்தில் கறுத்து அப்படியே நிற்கும்.

இப்போது விக்டோரியாச் சதம் ஒன்றை எடுங்கள். முன்பக்கம் அரசியின் தலை, பின்பக்கம் தாளிப்பனை மரம், அதன் இரண்டு பக்கமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. மேசையில் கிடந்து உரசும்போது எந்த இடம் உயரமோ அதுதான் முதலில் தேயும். இந்தக் காசில் நெற்றிக்கு மேலே, காதுக்கு மேலே இருக்கும் மயிர் இழைகளைப் பாருங்கள். எல்லா இழையும் தனித்தனியாக நின்று, மிக உயர்ந்த இடத்தில் மட்டும் மெல்லிய மழுங்கல் என்றால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் பக்கம். பெரும்பாலான இழை தெரிகிறது, ஆனால் காதுக்கு மேலே ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது என்றால் வெரி ஃபைன். பாதி இழைதான் மிச்சம், தலையணியின் கோடு மட்டும் தெளிவு என்றால் ஃபைன். மயிர் எல்லாம் வழுக்கி ஒரே தட்டையாய், முகத்தின் வெளிக்கோடும் எழுத்தும் ஆண்டும் மட்டும் நிற்கிறதென்றால் குட், வெரி குட் அளவில்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், குட் என்றால் காசுக்காரர் பாசையில் நன்றாகத் தேய்ந்தது என்று அர்த்தம். பின்பக்கத்தில் ஓலையின் உள்நரம்பையும் அடிமரத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்றில்லை, இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மோசமான பக்கத்தைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

அதிகம் பேர் இடறும் இடம் ஒன்று உண்டு. தட்டையாகத் தெரிவதெல்லாம் தேய்மானம் இல்லை. நாணயச்சாலையில் அச்சு சரியாக அழுந்தாவிட்டாலும், பல ஆயிரம் அடித்து அச்சே மழுங்கிப் போயிருந்தாலும், புதுக் காசிலேயே மயிர் இழை வராது. எப்படிப் பிரிப்பது? மினுக்கத்தை வைத்துத்தான். அடிக்கும்போது உலோகம் அச்சுக்குள் ஓடிப் பரவுவதால் மேற்பரப்பில் கண்ணுக்கு எட்டாத வரிகள் விழும், காசைச் சாய்க்கும்போது ஒளி வண்டிச் சக்கரத்து ஆரம் போல நடுவிலிருந்து சுற்றி ஓடுவது அதனால்தான். அந்த ஓட்டம் உயர்ந்த இடத்தின் மேலேயும் தடைப்படாமல் போனால் அது தேயவில்லை, அடிப்புத்தான் சரியில்லை. உயர்ந்த இடத்தில் வந்ததும் ஒளி செத்து, அந்த இடம் மட்டும் மங்கலாய் வேறு நிறமாய் நின்றால் தேய்மானம்தான், காசு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது அன்சர்குலேட்டட் இல்லை. அதே சமயம், தேயாத காசிலும் சின்னச் சின்ன வெட்டுத் தடங்கள் இருக்கும். மூட்டையில் மற்றக் காசுகளோடு இடிபட்டதால் வந்தவை அவை. 60க்கும் 70க்கும் நடுவே ஏற்றம் இறக்கம் பெரும்பாலும் இந்தத் தடங்களாலும் மினுக்கத்தாலும்தான்.

மினுக்கம் என்றதும் புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள். புளி, சாம்பல், எலுமிச்சை, பற்பசை, பிராஸோ எதுவும் வேண்டாம், குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்குக் கேடு. தேய்க்கும்போது போவது அழுக்கு மட்டுமல்ல, அந்த வரிகளும் சேர்ந்துதான், அப்புறம் எந்த வைத்தியத்துக்கும் திரும்பாது. துலக்கிய செம்பு ஒரு மாதிரி இளஞ்சிவப்பாய், பட்டையான பளபளப்போடு நிற்கும், கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அப்படிப்பட்டதற்கு "உருவ விபரம் வெரி ஃபைன், ஆனால் துலக்கியது" என்றுதான் எழுத வேண்டும், விலையும் இறங்கும். இயற்கையாய் ஏறிய கபில நிறம் குறையே இல்லை. செம்புக் காசில் சிவப்பு, சிவப்பும் கபிலமும் கலந்தது, முழுக் கபிலம் என்று தனியாகவே குறிப்பார்கள்.

நம்ம பக்கம் வரும் காசுகளில் இன்னும் சில குறைகள் அடிக்கடி காணலாம். காசுமாலைக்கும் அரைஞாணுக்கும் கொக்கி வைத்து, பிறகு கழற்றிய வெள்ளி ரூபாய்களில் தலைக்கு நேர் மேலே விளிம்பில் பற்றுவைத்த தழும்பு இருக்கும், விளிம்பைச் சுற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நேர்த்திக்காக மஞ்சள் துணியில் முடிந்து வருசக்கணக்கில் கிடந்ததில் கறை ஏறியிருக்கும். கடற்கரையிலும் வாவிக்கரையிலும் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று செம்பை விடாது. பச்சைக் களிம்பு மேலே மாவு போல இருந்தால் ஒன்று, குழி விழ அரித்திருந்தால் வேறு, இரண்டாவதைத் தரத்தோடு சேர்த்துக் கட்டாயம் சொல்ல வேண்டும். மென்மையான பிவிசி உறையில் வைத்தால் அதுவே பச்சையாய்ப் பிசுபிசுப்பை விடும். கெட்டியான மைலார் (பொலியெஸ்டர் பிளாஸ்டிக்) உறையோ அட்டைச் சட்டமோ வாங்கி, மூடி இறுகிய டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாரி காலத்தில் பொட்டலத்தை மாற்றுங்கள்.

பழகுவதற்கு விலை உயர்ந்த காசு தேவையில்லை. 1963இல் அரசர், அரசியரின் தலை போய் இலச்சினை வந்த காசுகளில் ஐம்பது சதமோ ஒரு ரூபாயோ ஒரே வகையாய் ஒரு கைப்பிடி சேருங்கள், கல்முனை, மட்டக்களப்புப் பக்கம் பழைய சாமான் விற்பவர்களிடமும் வீட்டு உண்டியலிலும் கிடைக்கும். மிகத் தேய்ந்ததை இடப்பக்கமும் மிக நல்லதை வலப்பக்கமும் வைத்து வரிசைப்படுத்துங்கள். பெயர் ஒன்றும் போடாமல் வரிசை மட்டும். அடுத்த நாள் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கி, வரிசை மாறிய காசுகளை மட்டும் எடுத்து ஏன் மாறியது என்று பாருங்கள், கண் பழகுவது அங்கேதான். அதே காலத்து ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியம், மெத்தென்ற உலோகம், சீக்கிரம் கீறும். அதில் தொடங்க வேண்டாம்.

படத்தைப் பார்த்துக் காசு வாங்குகிறீர்களா? விற்பவர் அன்சர்குலேட்டட் என்று போட்டிருந்தால் காசைச் சாய்த்து எடுத்த காணொளி ஒன்று கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடலாம். அமெரிக்க நிறுவனங்கள் தரம் போட்டுப் பெட்டியில் பூட்டி அனுப்பும், ஆனால் சாதாரணச் சதத்துக்கு அந்தச் செலவு கட்டாது. பூட்டிய பெட்டியிலும் போலி வருகிறது, பெட்டியில் இருக்கும் சான்று இலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையத் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள்.

ஒல்லாந்தர் துட்டும் அதற்கு முந்திய மன்னர் காலக் காசுகளும் வேறு கணக்கு. கையால் அடித்தவற்றில் அடிப்பே கோணலாய், பாதி உருவம் வெளியே போயிருக்கும், அதைத் தேய்மானமாக எண்ணக் கூடாது, மண்ணுக்குள் கிடந்த அரிப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். வயல் உழும்போது இப்படி எதுவும் அகப்பட்டால் தரம் பார்ப்பது பிறகு. நாட்டில் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, தொல்லியல் திணைக்களத்துக்கு முதலில் அறிவியுங்கள்.