ரிசார்ட் கட்டணம்: முன்பதிவுக்கு முன்பும் பின்பும்

அமெரிக்க ஹோட்டல்கள் பல, நீச்சல்குளம், வைஃபை போன்ற வசதிகளுக்கென்று, வாடகைக்கு மேல் ஒவ்வொரு இரவுக்கும் கட்டாயமாக ரிசார்ட் கட்டணம் வாங்குகின்றன. 2025 மே 12 முதல், காட்டும் விலையிலேயே அது சேர்ந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைய (FTC) விதி. வசூலிக்கத் தடையில்லை, மறைக்கத்தான் தடை. வரி பிறகு சேரலாம். எனவே முன்பதிவின் கடைசித் திரை வரை போய், மொத்தத்தை இரவுகளால் வகுத்தே ஒப்பிடுங்கள். அறை 120 டாலர், கட்டணம் 45 என்றால் வரிக்கு முன்பே 165. ‘ஹோட்டலில் செலுத்த வேண்டியது’ என்ற வரியைக் கண்டிப்பாகப் படியுங்கள். பலர் சறுக்குவது அங்கேதான். அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

ஹோட்டல் குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்த்த புள்ளிகளை மட்டும் கொடுத்துத் தங்கினால், ஹில்டனும் ஹயாட்டும் ரிசார்ட் கட்டணத்தை வாங்குவதில்லை.

நீச்சல்குளம் மூடியிருந்தாலோ வைஃபை வேலை செய்யாவிட்டாலோ அன்றே வரவேற்பு மேசையில் சொல்லி, அறையைக் காலி செய்யும் முன் மேலாளரிடம் கட்டணத்தை நீக்கக் கேளுங்கள். பில் மூடியபின் கேட்பது கடினம்.