பியர்டட் டிராகன் குட்டியை வீட்டுக்குப் பழக்குவது: பாலக்காட்டு எல்லை வெயிலுக்கு ஏற்ற செய்முறை

புதிதாக வந்த பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணான் குட்டிக்கு முதல் வாரத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான். அதற்கு, குட்டி வருவதற்கு முன்பே கூண்டு வேலை மொத்தமும் முடிந்திருக்க வேண்டும். பாதி வேலையை வைத்துக்கொண்டு குட்டியைக் கொண்டுவந்தால், பல்ப் மாட்டவும் கட்டையை நகர்த்தவும் நாள் முழுக்க நம் கை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் அது நடுங்கும்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. கூண்டை எப்படிச் சூடாக்குவது என்பதே அவர்கள் கவலை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், கொல்லங்கோடு பக்கம் இருக்கும் நமக்கோ ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. கூண்டுக்குள் குளிர்ந்த மூலை ஒன்றை உண்டாக்குவதுதான் நம் வேலை.

வாங்கும் முன்

குறைந்தது 6 முதல் 8 வாரம் ஆன, கண் நன்றாகத் திறந்திருக்கிற, கைநிழல் பட்டதும் சட்டென்று திரும்பிப் பார்க்கிற குட்டியாகத் தேர்ந்தெடுங்கள். வால் நுனி, விரல்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். என்ன தின்கிறது, கடைசியாக எப்போது தின்றது என்பதையும் விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து ஓணான். நம் ஊர் உடும்பையோ பச்சோந்தியையோ பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சை இகுவானா என்ற வெளிநாட்டுப் பல்லியை வாங்கினால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

படி 1: கூண்டு

குட்டிக்கு 75 செ.மீ. நீளமுள்ள கூண்டு போதும். வளர்ந்த பிறகு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் தேவைப்படும். முன்பக்கம் கதவு திறக்கிற மாதிரி இருந்தால் நல்லது. மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதாகவே அது நினைக்கும். தரைக்குச் செய்தித்தாள் அல்லது கிச்சன் டிஷ்யூ போடுங்கள். மணல் வேண்டாம். இரையோடு சேர்த்து மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து குட்டிகளுக்கு அதிகம்.

ஒரு கட்டை, ஏறிப் படுக்க ஒரு தட்டைக்கல், ஒளிந்துகொள்ள சூடான பக்கம் ஒன்றும் குளிர்ந்த பக்கம் ஒன்றுமாக இரண்டு மறைவிடங்கள். உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே மறைவிடம் ஆகிவிடும். விளிம்பை மட்டும் கல்லில் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள். முதல் வாரம் கூண்டின் மூன்று பக்கத்தையும் பேப்பர் ஒட்டி மறையுங்கள். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து இன்னொரு ஓணான் வந்துவிட்டது என்று மிரளாமல் இருக்கும்.

படி 2: சூடும் குளிர்ச்சியும்

ஒரு மூலையில் பாஸ்கிங் பல்ப், அதாவது வெயில் காய்வதற்கான சூட்டு விளக்கு. அதன் நேர் கீழே இருக்கும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42 டிகிரி வரை சூடாக இருக்கலாம். எதிர் மூலை 25 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓடியோடித்தான் அது தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். ஓடிப் போக குளிர்ந்த இடமே இல்லை என்றால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

எனவே வெப்பமானி இரண்டு வாங்குங்கள், மூலைக்கு ஒன்று. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது சரிப்படாது. கூண்டை மேற்குச் சுவர் ஓரமும் ஓட்டு வீட்டு மச்சிலும் வைக்காதீர்கள். தரைத்தள அறையில், சிமென்ட் தரைக்கு அருகில் வைத்தால் சில டிகிரி தானாகக் குறையும். வெயில் மாதங்களில் 100 வாட் பல்பை எடுத்துவிட்டு 40 அல்லது 50 வாட் போடுங்கள். பல்பின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் இன்னும் வசதி. மத்தியானம் குளிர்ந்த மூலையே 32 டிகிரியைத் தாண்டினால் பாஸ்கிங் பல்பை அணைத்துவிடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வலைமூடி மேல், குளிர்ந்த மூலைக்கு நேராக வையுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் நாட்களில் ஜன்னல் ஓரம் ஆகாது. இரவில் 20 டிகிரிக்குக் கீழே போகாத வரை தனியாகச் சூடு தேவையில்லை. சிவப்பு விளக்கும் வேண்டாம், அதற்கு இருட்டு வேண்டும்.

மழைக்காலத்தில் வேறு கவலை. கூண்டுக்குள் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் இருந்தால் போதும், ஆனால் ஜூன், ஜூலையில் நம் வீட்டுக்குள்ளேயே அதைவிட மிக அதிகமாக இருக்கும். அந்த மாதங்களில் தண்ணீர்க் கிண்ணத்தைச் சில மணி நேரம் மட்டும் வைத்து எடுங்கள். நனைந்த பேப்பரை அன்றன்றே மாற்றுங்கள்.

படி 3: யுவிபி ட்யூப்

இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதா ஒளி பட்டால்தான் அதன் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் கால்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் தாடையும் கால் எலும்பும் வளைந்துபோகும். ஜன்னல் வெயில் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது, கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். பாலைவனப் பல்லிகளுக்கான 10 அல்லது 12 சதவீத யுவிபி டி5 (மெல்லிய வகை) ட்யூப் வாங்கி, கல்லிலிருந்து 30 முதல் 40 செ.மீ. உயரத்தில் பொருத்துங்கள். தினமும் 12 மணி நேரம் எரியட்டும். ட்யூப் எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே யுவிபி குறைந்துவிடும்.

படி 4: எறும்பு, கொசு, பூனை

புத்தகங்களில் வராத பகுதி இது, நம் வீடுகளுக்கு இதுதான் முக்கியம். மிச்சமான இரையைத் தேடி எறும்பு வரிசை கட்டிவிடும். கூண்டு வைத்திருக்கும் குட்டை மேசையின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்பு மருந்துப் பொடி, சாக்பீஸ் எதுவும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. கொசுவத்திச் சுருள், லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். கொசுவுக்கு அந்த அறை ஜன்னலில் வலை அடிப்பது ஒன்றே வழி. வீட்டுப் பல்லி நுழைகிற இடுக்குகளையும் அடையுங்கள். ஒட்டுண்ணி அவற்றின் எச்சம் வழியே வரலாம்.

படி 5: கொண்டுவருதல்

கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாக வருவதாக இருந்தால் அதிகாலையில் கிளம்பிவிடுங்கள். துளை போட்ட சின்னப் பெட்டியில் காட்டன் துணியை மடித்துப் போட்டால் போதும். இருட்டாக இருந்தால் அமைதியாக இருக்கும். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கூண்டுக்குள் வைத்துத் திறந்துவிடுங்கள். தானாக வெளியே வரட்டும்.

படி 6: முதல் மூன்று நாள்

தண்ணீர், இரை, சுத்தம் ஆகியவற்றுக்கு மட்டும் கதவைத் திறங்கள். அக்கம்பக்கத்தார் ஒடக்கான் பார்க்க வருவார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். வயிற்றில் கருங்கோடுகள், கறுத்த தாடி (தொண்டைக்குக் கீழே உள்ள முள்தோல்), கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருப்பது எல்லாம் மிரட்சியின் அடையாளங்கள். இடம் பழகப் பழகக் குறையும். பல்புக்குக் கீழே வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், சூட்டை வெளியேற்றுகிறது. ஒரு கையை மெல்லத் தூக்கி வட்டமாக ஆட்டினால் "நான் சின்னவன், சண்டைக்கு வரவில்லை" என்கிறது.

குளிக்க வைப்பதை முதல் வாரம் தவிர்ப்பதே என் வழக்கம். மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சற்று நேரம் அசையாமல் இருந்துவிட்டு, சின்ன இளஞ்சிவப்பு நாக்கை நீட்டி நக்க ஆரம்பிக்கும்.

படி 7: இரை

இந்த வயதில் பெரும்பகுதி பூச்சி, மிச்சம் கீரை. அதன் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடத்தில் தின்னும் அளவு. பண்ணையில் வளர்த்த கிரிக்கெட் (சிள்வண்டு) பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு, சிட்டிகை கால்சியம் பொடி தூவிக் குலுக்கி, வெள்ளை படிந்ததும் விடுங்கள். மிஞ்சியவற்றை எண்ணிப் பிடித்து வெளியே எடுங்கள். இரவில் அவை தூங்கும் குட்டியைக் கடிக்கும்.

உடுமலை, பொள்ளாச்சி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர் யாரையாவது தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம்தான். இளம் பட்டுப்புழு மென்மையானது, எளிதில் செரிக்கும். ஆனால் புழுப் படுக்கையில் சுண்ணாம்பும் கிருமிநாசினிப் பொடியும் தூவுவார்கள். அந்தப் பொடி படாத புழுவாகக் கேட்டு வாங்கி, மருந்து அடிக்காத மல்பெரி இலையில் ஓரிரு நாள் வைத்திருந்து கொடுங்கள். வயலிலும் தென்னந்தோப்பிலும் பிடித்த பூச்சி வேண்டவே வேண்டாம், பூச்சிமருந்து உள்ளே இருக்கும். மின்மினி ஒன்று போதும், உயிரை எடுத்துவிடும்.

கீரைக்கு மல்பெரி இலை, முருங்கை, செம்பருத்திப் பூ, துருவிய பரங்கிக்காய். பாலக்கும் தண்டுக்கீரையும் அடிக்கடி ஆகாது, கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முதல் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். வாயைத் திறந்து ஊட்டாதீர்கள்.

படி 8: கை பழக்குதல்

ஒழுங்காகத் தின்று, கழித்து, கல்லில் ஏறி வெயில் காய ஆரம்பித்த பிறகுதான் இது. முதலில் கையைக் கூண்டுத் தரையில் அசையாமல் வையுங்கள், அவ்வளவுதான். அப்புறம் விரலால் பூச்சி நீட்டுங்கள். தூக்கும்போது பக்கவாட்டிலிருந்து கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, நான்கு காலும் உள்ளங்கையில் ஊன்றும்படி எடுங்கள். வாலைப் பிடிக்காதீர்கள், போனால் திரும்ப முளைக்காது. தொட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி தொற்றலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கூண்டுப் பாத்திரங்களைச் சமையல்கட்டுத் தொட்டியில் கழுவவும் வேண்டாம்.

எப்போது டாக்டரிடம்?

மூன்று நாளுக்கு மேல் எதுவும் தின்னாத குட்டி, பகலில் கண்ணை மூடியே கிடப்பது, கண் குழி விழுவது, கால் நடுங்குவது, தொடர்ந்து நீராகக் கழிப்பது, எடை இறங்குவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். வாரம் ஒரு முறை கிராம் தராசில் நிறுத்து எழுதி வந்தால் இறக்கம் முன்பே தெரிந்துவிடும். எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. திருச்சூரை ஒட்டிய மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்பே விசாரித்து வையுங்கள். போகும்போது இரண்டு மூலைகளின் வெப்ப அளவு, ட்யூப் வாங்கிய தேதி, எடைக் குறிப்பு ஆகியவற்றோடு அன்றைய எச்சத்தையும் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போங்கள்.