இன், ஆன், அட்: என் குழப்பம் தீர்ந்த விதம்

பல வருடங்களாக எனக்கு ஆங்கிலத்தில் தகராறு செய்தவை சின்னச் சின்னச் சொற்கள்தான். அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் 'டிஸ்கஸ் அபவுட் திஸ் இன் மண்டே' என்று எழுதினேன். ஒரே வரியில் இரண்டு தப்பு!

காரணம் தமிழில்தான் இருந்தது. பையில், மேசையில், வாசலில் என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' உருபு போதும். ஆங்கிலத்தில் அது மூன்றாகப் பிரிகிறது: இன் த பேக், ஆன் த டேபிள், அட் த டோர். அதனால் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுப் படமாக யோசிக்க ஆரம்பித்தேன். உள்ளே இருந்தால் இன், மேலே தொட்டுக்கொண்டிருந்தால் ஆன், ஒரு புள்ளியாக நினைத்தால் அட். நேரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். மாதம், வருடம் என்றால் இன். கிழமை, தேதி என்றால் ஆன். மணி என்றால் அட்.

'இன் த கார்' சரி, ஆனால் 'அட் நைட்', 'ஆன் த பஸ்' எல்லாம் இந்தப் படத்துக்குள் சரியாக அடங்காது. பேருந்தில் எழுந்து நடக்கலாம், காரில் முடியாது என்று நினைவு வைத்துக்கொண்டேன். இலக்கண விதியா என்று கேட்காதீர்கள், வேலை செய்கிறது.

அப்புறம் வினைச்சொற்கள். 'பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில்தான் அந்த 'அபவுட்' வந்து ஒட்டியது. டிஸ்கஸுக்கு அடுத்து நேராக விஷயம்தான், இடையில் 'அபவுட்' வேண்டாம். 'மேரீட்' என்றால் 'டு'தான், 'வித்' இல்லை. இப்போது புது வினைச்சொல்லை அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுதுகிறேன்: 'டிபெண்ட் ஆன்', 'லிசன் டு'.