சட்டை போடப் பழக்க, கடைசியிலிருந்து தொடங்குங்கள்

சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைக்கு டி-ஷர்ட் போடக் கற்றுத்தரும்போது, கடைசி வேலையை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். தலையை நுழைத்து, இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, நெஞ்சு வரை இறக்குவது நீங்கள். அங்கிருந்து வயிறு மூடும்படி இழுத்துவிடுவது குழந்தை. அது நன்றாகப் பழகியதும் ஒரு கை நுழைப்பதையும் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். அப்புறம் இன்னொரு கை. தலை கடைசியில்தான்.

முதலிலிருந்து தொடங்கினால், கழுத்து மாட்டிக்கொண்டதுமே அழுகை வந்துவிடும், மீதியை நாம்தான் முடிப்போம். இந்த முறையில் ஒவ்வொரு நாளும் வேலையை முடிப்பது குழந்தைதான். இழுத்துவிட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கும் பாருங்கள், அதற்காகவே செய்யலாம். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தெரபிஸ்ட்கள் சொல்லித்தரும் வழிதான் இது.

காலை அவசரத்தில் வேண்டாம். இரவு உடை மாற்றும்போது பழக்குங்கள். கழுத்து லேபிள் உறுத்துவதால் அடம்பிடித்தால் இது உதவாது, முதலில் அதை வெட்டிவிடுங்கள். ஒரு கை இறுக்கமாக இருக்கும் பிள்ளைக்குப் பொதுவாக அந்தக் கையை முதலில் நுழைப்பது எளிது; வரிசையைத் தெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.